இரண்டு பெயரையும் சொல்லுங்கள்

கடல் தாண்டி வந்த பின்னும் தமிழைக் கைவிடாத போர்ட் பிளேர்ச் சொந்தங்களே!

சற்று முன்பு தம்பிகள் ‘பாசமலர்’ பாட்டைப் பாடினார்கள், கண் கலங்கியது. அறிவித்த தம்பி, “இசை எம்.எஸ்.வி.” என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன்; ஊரே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் 1961இல் அந்தப் படத்துக்கு இசையமைத்தவர்கள் இருவர்: எம்.எஸ்.விஸ்வநாதன் – ராமமூர்த்தி. அந்த இரண்டாவது பெயருக்காகவே இன்று இங்கே நிற்கிறேன்.

ராமமூர்த்தி திருச்சிக்காரர், வயலின் கலைஞர். விஸ்வநாதன் பாலக்காட்டு எலப்புள்ளியில் பிறந்தவர். ஆர்மோனியத்தில் கை தேர்ந்தவர். இருவரும் இசையமைப்பாளர் சி.ஆர்.சுப்பராமனிடம் இருந்தார்கள். 1952இல் அவர் திடீரென்று மறைந்தபோது, பாதியில் நின்ற படங்களை இருவரும் தோள் கொடுத்து முடித்தார்கள். அதே ஆண்டு, கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் இயக்கிய ‘பணம்’ படத்துக்குச் சேர்ந்து இசையமைத்தார்கள். ராமமூர்த்தி பிறந்தது 1922, விஸ்வநாதன் 1928. ஆறு வயது மூத்தவரின் பெயர் பின்னால் நின்றது. அப்படியே 13 ஆண்டுகள் நின்றது!

எவ்வளவு பெரிய விளைச்சல் அது! ‘பாவ மன்னிப்பு’, ‘பாலும் பழமும்’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’... 1963இல் சென்னையில் மெல்லிசை மன்னர்கள் என்று பட்டம் சூட்டினார்கள். மறு ஆண்டே மூன்று படங்கள்: ‘கர்ண’னில் இந்துஸ்தானி ராகங்கள், ‘காதலிக்க நேரமில்லை’யில் மேற்கத்தியத் துள்ளல், ‘புதிய பறவை’யில் கடலலை போல் எழும் வாத்தியக் கூட்டம்.

1965இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’. அடிமைகளாகத் தீவுக்கு விற்கப்பட்டவர்கள் கடலில் விடுதலை தேடும் கதை. செல்லுலார் சிறை நிற்கும் இந்த ஊரில் அதை யாரும் வெறும் கதையாகப் பார்க்க முடியாது. அந்தப் படத்தோடு இருவரும் பிரிந்தார்கள். ஏன் பிரிந்தார்கள் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அது அவர்கள் இருவருக்குள் இருக்கட்டும். விளைவு மட்டும் நமக்குத் தெரியும். விஸ்வநாதனுக்குப் படங்கள் குவிந்தன. ராமமூர்த்திக்குக் கிடைத்தவை சொற்பம். 30 ஆண்டுகள் கழித்து, 1995இல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்தில் மீண்டும் சேர்ந்தார்கள். 2013இல் ராமமூர்த்தியும் 2015இல் விஸ்வநாதனும் மறைந்தார்கள்.

பிரிவு என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூடப்பிறந்தவர்களை மெயின்லேண்டில் விட்டுவிட்டு, மூன்று நாள் கப்பலில் வந்த குடும்பங்கள் நம்முடையவை. பேச்சுவார்த்தை இருக்கிறதோ இல்லையோ, கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயரை நாம் விட்டதுண்டா? விட்டால் நம் அம்மா சும்மா இருப்பாளா?

பாட்டுக்கும் அந்த முறை உண்டு. தம்பி, அடுத்த பாட்டை அறிவிக்க வரும்போது இரண்டு பெயரையும் சொல்லுங்கள். மூத்தவர் காது குளிரட்டும்.