சான்றிலிருந்து தொடங்குங்கள்

இன்று கல்வியியல் பட்டம் பெறும் இயற்பியல் ஆசிரியர்களே,

நீங்கள் நடத்தப்போகும் பாடங்களில், மாணவர்கள் எளிதில் மனப்பாடத்திடம் ஒப்படைத்துவிடுவது குவாண்டம் இயற்பியலைத்தான். ஒளிமின் விளைவின் சமன்பாட்டைப் பிழையின்றி எழுதும் மாணவருக்கும், அப்படியொரு சமன்பாடு ஏன் தேவைப்பட்டது என்பது தெரியாமல் போகலாம். ஐன்ஸ்டீன் 1905-இல் அதைச் சொன்னபோது பெரும்பாலான இயற்பியலாளர்கள் ஏற்கவில்லை. அதன் அடிப்படையான ஒளித்துகள் கருத்தை நம்பாத இயற்பியலாளர் மில்லிகன் பல ஆண்டுகள் அளந்து பார்த்தார். 1916-இல் அவர் வெளியிட்ட அளவீடுகள் அந்தச் சமன்பாட்டுக்கே பொருந்தின. அதன் பிறகும் அவருடைய ஐயம் தீரவில்லை. நம்ப மறுத்தவரின் கையாலேயே உறுதிப்பட்ட முடிவு இது. இந்த வழக்கை வகுப்பில் நடத்திக் காட்டத் தெரிந்தவரே குவாண்டம் பாடத்துக்குத் தயாரான ஆசிரியர் என்பது என் கருத்து.

பள்ளி மாணவருக்கு அதற்கான கணிதம் இல்லையே என்பார்கள். ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைத் தீர்க்க அந்தக் கணிதம் வேண்டும்; சான்றை எடைபோட அது வேண்டியதில்லை. 1989-இல் ஜப்பானில் டோனோமுரா குழுவினர் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பிப் பதிவு செய்தனர். முதலில் புள்ளிகள் சிதறிக் கிடந்தன; பல்லாயிரம் சேர்ந்ததும் குறுக்கீட்டு வரிகள் தெரிந்தன. அந்தப் படங்களை வரிசையாகக் காட்டி, "அடுத்த புள்ளி எங்கே விழும்?" என்று கேளுங்கள். நிகழ்தகவு அங்கேயே பிறந்துவிடும். கருவி இல்லை என்பதும் முழுக் காரணம் ஆகாது. சிவப்பு, நீல எல்.இ.டி. விளக்குகள், மின்தடை, மல்டிமீட்டர், மின்கலங்கள் போதும். மின்னழுத்தத்தை மெல்ல உயர்த்தினால் சிவப்பு சுமார் 1.8 வோல்ட்டில் ஒளிரத் தொடங்கும். நீலத்துக்கு ஏறத்தாழ 2.5 வோல்ட் வேண்டும். இதிலிருந்து பிளாங்க் மாறிலியைத் தோராயமாகக் கணக்கிடலாம். விடை ஏன் துல்லியமாக வரவில்லை என்று பேசுவதும் பாடம்தான்.

தேர்வுக்கு எது உதவும் என்ற கேள்வி நியாயமானது. பாடத்திட்டத்தை மீறச் சொல்லவில்லை. போர் அணு மாதிரியை நடத்துங்கள். அது ஹைட்ரஜனின் ஆற்றல் மட்டங்களைச் சரியாகத் தந்து, இரண்டு எலக்ட்ரான்களே உள்ள ஹீலியத்தில் தோற்றதையும் சொல்லுங்கள். கூடுதலாகச் சில நிமிடங்கள்தான் ஆகும். எலக்ட்ரான் வட்டப்பாதையில் சுற்றுகிறது என்ற படத்தோடு கல்லூரிக்குப் போகும் மாணவர், அங்கே முதலில் அதை மறக்கப் பாடுபட வேண்டியிருக்கும்.

1924-இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த சத்தியேந்திரநாத் போஸ், பிளாங்க் விதிக்கு அன்றிருந்த நிறுவல்களில் நிறைவடையாமல் புதிய நிறுவல் ஒன்றைக் கண்டு ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டீனே அதை ஜெர்மனில் பெயர்த்து வெளியிடச் செய்தார். பாடநூல் தரும் விளக்கத்தில் நிறைவடையாமல் இருப்பது ஆசிரியருக்கு இழுக்கு அன்று, தகுதி. அந்தத் தகுதியோடு வகுப்பறைக்குச் செல்லுங்கள். "எப்படித் தெரியும்?" என்று கேட்கும் மாணவரை உட்காரச் சொல்லாதீர்கள், அவருக்குச் சான்றைக் காட்டுங்கள்.