காயோத்சர்க்கமும் உடலில் தங்கிய துயரும்

(மகாவீரர் ஜயந்தி விழாச் சிறப்புரை)



போளூரை அடுத்த திருமலையில் நேமிநாதர் 16 அடி உயரத்தில் நிற்கின்றார். அத்திருவுருவை வணங்கி வருவோர் பலரும் அதன் உயரத்தைப் பேசுவர். நிற்கும் முறையைக் கருதுவோர் சிலரே. தோள்கள் தளர்ந்துள்ளன. கைகள் தாமாகத் தொங்குகின்றன. நெடுநேரம் நிற்பவனின் விறைப்பு எவ்விடத்தும் இல்லை. காயோத்சர்க்கம் என்று ஆகமம் கூறும் நிலை இதுவே.

காயம் என்பது உடல். உத்சர்க்கம் என்பது விடுதல். இதனை உடலை வெறுத்து ஒறுத்தல் எனப் பொருள் கொள்வோர் உளர். அது பிழை. விடப்படுவது உடலின் மேலுள்ள ‘எனது’ என்னும் பற்றும், அப்பற்றினால் விளையும் இறுக்கமுமே ஆகும். துறவோர்க்குரிய ஆறு ஆவசியகங்களுள் ஒன்றாகிய இப்பயிற்சி, நோயாலும் அச்சத்தாலும் வருந்தும் இல்லறத்தார்க்கும் துணையாகுமா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

பேருந்து விபத்தில் சிக்கிய ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். முறிந்த மணிக்கட்டு கூடிவிட்டது. எக்ஸ்ரே படத்தில் குறையில்லை. ஆயினும் தெருவில் பிரேக் ஒலி கேட்டவுடன் அவள் தோள் உயர்கிறது, மூச்சு நிற்கிறது, கை வலிக்கிறது. மருத்துவர் ஒன்றுமில்லை என்கிறார். வீட்டார் அவள் நடிக்கின்றாள் என்கின்றனர். இரண்டு கூற்றுமே அவள் வலியைக் கூட்டுகின்றன.

வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020இல் தன் வரையறையைத் திருத்தியபோது, வலி என்பது புலனும் உள்ளமும் ஒருங்கே துய்க்கும் துன்பம் என்றும், வலிக்கிறது என்று ஒருவர் கூறின் அக்கூற்றை மதித்தல் வேண்டும் என்றும் கூறியது. அதற்கு நெடுநாள் முன்னரே இலண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் ‘முழு வலி’ என்னும் கருத்தை முன்வைத்தார். செவிலியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பின்னர் மருத்துவம் பயின்றவர் அவர். 1967இல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தை நிறுவியவர். நோயாளியின் வலியில் உடல், உள்ளம், குடும்பம், ஆன்மா ஆகிய நான்கும் பின்னியுள்ளன என்பது அவர் கண்டது.

இனி, சமண இல்லங்களில் அடிக்கடி கேட்கும் ஒரு சொல்லைப் பற்றிக் கூறியே ஆகவேண்டும். “அது உன் வினைப்பயன், பொறுத்துக்கொள்.” ஆறுதலாகவே சொல்லப்படுகிறது, கேட்பவரை அது ஊமையாக்கி விடுகிறது. அசாதா வேதநீயத்தின் உதயத்தால் துன்பம் வருகிறது என்பது ஆகமக் கொள்கையே. ஆனால் அதே உமாஸ்வாமிகள், பிறரிடத்தில் துன்பத்தையும் சோகத்தையும் உண்டாக்குதல் அசாதா வேதநீயத்தின் ஊற்றுக்குக் காரணம் என்றும் வகுத்துள்ளார். நோவால் வாடுபவரைச் சொல்லால் ஒடுக்குபவர் தமக்கே வினையை வருவித்துக் கொள்கின்றார். நோயுற்ற துறவியர்க்குத் தொண்டு செய்யும் வையாவிருத்தியம் அகத்தவம் ஆறனுள் ஒன்றாக வைக்கப்பட்டது. நால்வகைத் தானங்களுள் ஒன்று மருந்து, மற்றொன்று அபயம். அச்சம் குடிகொண்ட உடலுக்கு அபயமே முதல் மருந்து.

நான்கு வகை ஆர்த்த தியானங்களுள் வேதனையையே நினைந்து உழல்வதும் ஒன்று. வலியைப் பற்றிய ஓயாத கவலை வலியைப் பெருக்குகிறது என்று இன்றைய மருத்துவரும் கூறுவர். எனினும் “அதை நினைக்காதே” என்று கட்டளையிடுவதால் நினைவு அகல்வதில்லை. அச்சம் உடலிலும் தங்கியிருத்தலால், உடலின் வழியாகவும் அதனை அணுக வேண்டியுள்ளது.

வட்டகேரரின் மூலாசாரம் கூறும் முறை எளிது. பாதங்களிடையே நான்கு அங்குல இடைவெளி விட்டு, கைகளைத் தொங்கவிட்டு, அசையாது நிற்றல், இயலாதார் அமரலாம். காலத்தை அளப்பது மூச்சு. பஞ்ச நமஸ்கார மந்திரம் ஒன்றுக்கு மூன்று மூச்சுகள்: அருகரை வணங்கி உள்வாங்கி, சித்தரை வணங்கி வெளிவிடுதல் முதல் மூச்சு, ஆசிரியரும் உபாத்தியாயரும் இரண்டாம் மூச்சு, உலகத்துச் சாதுக்கள் அனைவரும் மூன்றாம் மூச்சு. ஒன்பது முறை கூற 27 மூச்சுகள் ஆகும். பகற்பொழுதின் பிரதிக்கிரமணத்திற்கு 108, இரவினதற்கு 54, ஆண்டு நிறைவில் 500 என அளவுகள் வளரும்.

மூச்சை மெல்ல வெளிவிடும்போது இதயத் துடிப்பு தணிகிறது. வேகஸ் என்னும் நரம்பின் செயல் அது. தாடை, தோள், அடிவயிறு ஆகியவை இறுகியிருந்ததை அவை தளரும்போதுதான் பலர் முதன்முதலாக அறிகின்றனர். தேராபந்த மரபில் 1975இல் உருப்பெற்ற பிரேக்ஷா தியானமும் காயோத்சர்க்கத்தையே தொடக்கமாகக் கொண்டு, கால்விரல் முதல் தலைவரை ஒவ்வோர் உறுப்பாகத் தளர்த்தப் பயிற்றுகிறது.

அமெரிக்காவில் பெசல் வான் டெர் கோல்க் என்னும் மனநல மருத்துவரும் உடன் ஆய்ந்தோரும் 2014இல் வெளியிட்ட ஆய்வொன்று கருதத்தக்கது. கொடுமைகளுக்கு உள்ளாகி, நெடுநாள் சிகிச்சை பெற்றும் தேறாத 64 பெண்கள் இரு பிரிவாக்கப்பட்டனர். பத்து வாரங்களுக்குப் பின், மென்மையான யோகப் பயிற்சி பெற்றவருள் 31 பேரில் 16 பேர் அந்நோயின் வரையறையிலிருந்து நீங்கினர்; நலவாழ்வுப் பாடம் மட்டும் கேட்டவருள் 29 பேரில் 6 பேரே நீங்கினர். சிறிய ஆய்வுதான், ஆனால் அப்பயிற்சியின் தன்மை நோக்கத்தக்கது. ஆசிரியர் கட்டளையிடுவதில்லை. “விரும்பினால் கையை உயர்த்தலாம்” என்பார், விரும்பாதவர் விட்டுவிடலாம். தன் உடலின்மேல் உரிமை இழந்தவருக்கு அவ்வுரிமை மீள்வதே அங்கு மருந்தாயிற்று. இதனை அஹிம்சையின் ஒரு கூறு என்று சொல்லத் தடையில்லை.

எச்சரிக்கையும் வேண்டும். கொடிய நினைவுகள் உடையார் சிலருக்குக் கண்மூடி அமர்ந்தவுடன் அந்நினைவுகள் பெருகி வரும். அவர்கள் கண் திறந்து, பாதம் தரையில் படுவதை உணர்ந்து நிற்றல் நலம். பதற்றம் மிகுமாயின் உடனே நிறுத்திவிட வேண்டும். மார்வலி, மரத்துப்போதல், புதிதாய்த் தோன்றும் வலி ஆகியவற்றுக்கு மருத்துவரையே நாட வேண்டும். வாழ்வை வெறுத்துப் பேசுவோரைக் காலம் தாழ்த்தாது மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மாத்திரை உண்பது தவத்திற்கு இழுக்கு என்று எண்ணும் பெரியோர், மருந்தைத் தானமாகப் போற்றிய அறத்தை மறந்தவராவர்.

மாலையில் விளக்கேற்றிய பின், நோவுடையார் அருகில் வீட்டார் ஒருவர் அமர்ந்து, அவருடைய மூச்சின் வேகத்திற்கேற்பத் தாமும் 27 மூச்சுகளை எண்ணலாம். முடிந்ததும் “இப்பொழுது எப்படி இருக்கிறது?” என்று கேட்டு, அவர் வாய் திறக்கும்வரை காத்திருக்கலாம்.