திணறும் பெட்டியும் திருவிழா டேப்பும்



பாக்கார் ஆராங் தாமான் வீடுகளில் தொலைக்காட்சிக்குக் கீழே கையளவு கறுப்புப் பெட்டி ஒன்று இருப்பது இன்று சாதாரணக் காட்சி. அதே அலமாரியின் அடித்தட்டைத் திறந்தால் பழைய வீடியோ டேப்புகள் நாலைந்து பூஞ்சை பூத்துக் கிடக்கும். ஒன்றில் அக்காள் கல்யாணம், இன்னொன்றில் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. பீடோங், கோல கெட்டில் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து, தொழிற்சாலை வேலையைத் தேடி சுங்கைப்பட்டாணிக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் ஏராளம். அவர்கள் பிறந்த லயங்களில் பல இன்று இல்லை. செம்பனை நிற்கிறது, அல்லது அடுக்கு வீடு நிற்கிறது. அந்த லயத்து வாசலும் அங்கே நடமாடிய முகங்களும் அசைவதைப் பார்க்க வேண்டுமானால் அந்த டேப் ஒன்றுதான் வழி. பெட்டியையும் டேப்பையும் இணைப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

டேப் காத்திருக்காது. பிளாஸ்டிக் நாடாவின் மேல் பூசிய காந்தப் பொடியில்தான் படம் இருக்கிறது. நம் நாட்டு ஈரப்பதத்தில் பூஞ்சை அதைத் தின்னும். டேப் நல்ல நிலையில் இருந்தாலும் ஓட்டுவதற்குக் கருவி வேண்டுமே! ஜப்பானின் பூனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியதோடு புதிய விசிஆர் செய்வார் இல்லாமல் போயிற்று. எனவே, ஓடும் கருவி ஒன்று கைக்கு எட்டும்போதே டேப்பைக் கணினிக் கோப்பாக மாற்றிவிட வேண்டும்.

மாற்றிய கோப்பை வரவேற்பறையில் போட்டுப் பார்க்க உதவும் மென்பொருள்களில் பரவலானது ‘கோடி’. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், ஒரு காசும் கிடையாது. மைக்ரோசாப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக ஆர்வலர்கள் எழுதத் தொடங்கி, எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் வளர்ந்து, 2014-இல் இன்றைய பெயரைப் பெற்றது. அதன் உள்ளே படமும் இல்லை, பாட்டும் இல்லை. நாம் வைப்பதைக் காட்டும், அவ்வளவுதான். ‘எல்லாச் சேனலும் இலவசம்’ என்று சொல்லிக் கடையில் விற்கும் பெட்டி வேறு விஷயம். 2022 மார்ச் 18 முதல் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி, திருட்டு ஒளிபரப்புக்கு வழி செய்யும் கருவியையோ மென்பொருளையோ விற்பவருக்கு 10,000 ரிங்கிட்டிலிருந்து 200,000 ரிங்கிட் வரை அபராதமோ, 20 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மென்பொருள் மேல் குற்றமில்லை. அதை வைத்து வியாபாரம் செய்தவர்களால்தான் அதன் பெயர் கெட்டது.

இனி, திணறலுக்கு வருவோம். கோப்பு பின்னறைக் கணினியில் இருக்கிறது, தொலைக்காட்சி முன்னறையில். நடுவே இரண்டு சுவர், ஒரு வைஃபை. சாமி புறப்படும் நேரம் பார்த்துப் படம் நின்றுவிடுகிறது. உடனே பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு வைத்தியம் சொல்வார்: ‘அட்வான்ஸ்ட்செட்டிங்ஸ் டாட் எக்ஸ்எம்எல்’ என்ற சிறு கோப்பை எழுதி, யூசர்டேட்டா என்ற உறைக்குள் வைத்து, இடைச்சேமிப்பை 500 மெகாபைட்டாக ஏற்ற வேண்டும். இந்த வைத்தியம் ஊர் முழுக்கக் கைமாறி வருகிறது. பல வீடுகளில் இதுவே வியாதியும் ஆகிறது.

காரணம் எளிது. இடைச்சேமிப்பு என்பது வீட்டுக் கூரைமேல் வைக்கும் தண்ணீர்த் தொட்டி போன்றது. குழாயில் நீர் விட்டு விட்டு வந்தாலும் தொட்டி சமாளிக்கும். ஆனால் அந்தத் தொட்டியின் எடையைக் கூரை தாங்க வேண்டும். 20-ஆம் பதிப்பு வரைக்கும், எழுதிய அளவைப்போல் மூன்று மடங்கு நினைவகத்தைக் கோடி எடுத்துக்கொள்ளும் என்று அதன் கையேடே சொன்னது. 500 என்று எழுதினால் 1,500 மெகாபைட். பெட்டியில் இருப்பதோ மொத்தம் 1,000 என்றால் அது திணறாமல் என்ன செய்யும்? அடியோடு நின்றே போகும்.

அந்த ஏற்றம் தேவையா என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இயல்பாக அமைந்திருக்கும் இடைச்சேமிப்பு 20 மெகாபைட், அதாவது சுமார் 160 மெகாபிட். டேப்பிலிருந்து மாற்றிய கோப்பு நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஓடினால், அந்தச் சிறு தொட்டியே அரை நிமிடத்துக்குப் போதும். நொடிக்கு 80 மெகாபிட் கேட்கும் 4கே படத்துக்கு அது இரண்டே நொடிதான். ஆகவே 4கே படம் திணறினால் தொட்டியைச் சற்றுப் பெரிதாக்குவதில் நியாயம் உண்டு. கல்யாண டேப் திணறினால் குறை தொட்டியில் இல்லை, குழாயில் இருக்கிறது. வைஃபையை விட்டுக் கம்பி இழுத்தோ, கோப்பை யூஎஸ்பி வட்டில் போட்டுப் பெட்டியிலேயே செருகியோ பார்த்தால் தெரிந்துவிடும். 2024-இல் வந்த 21-ஆம் பதிப்பிலிருந்து இந்த இடைச்சேமிப்பு அமைப்பு திரையில் தெரியும் பட்டியலுக்கே வந்துவிட்டது. பழைய கோப்பில் எழுதியதை அது கண்டுகொள்வதில்லை. தம்பியின் வைத்தியம் காலாவதியாகிவிட்டது என்று பொருள்.

உண்மையில் டேப்புக்காரர்கள் திருத்த வேண்டியது வேறு இரண்டு. முதலாவது, அசையும்போது உருவத்தின் ஓரங்களில் சீப்புப் பல்போல் தெரியும் கோடுகள். நம் நாட்டு டேப்புகள் பால் முறையில் பதிவானவை. நொடிக்கு 25 படம், ஒவ்வொன்றும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரு பாதியாக, ஆக 50 பாதிகள். பழைய குழாய்த் தொலைக்காட்சிக்கு அது சரி. இன்றைய தட்டைத் திரை இரு பாதியையும் ஒரே நேரத்தில் காட்டுவதால், கரகம் எடுத்து ஆடுபவரின் கை கிழிந்ததுபோல் தெரிகிறது. படம் ஓடும்போதே வீடியோ அமைப்பைத் திறந்து ‘டீஇன்டர்லேஸ்’ முறையை மாற்றினால் கோடுகள் மறையும். விசைப்பலகை இருந்தால் ஆங்கில ‘ஓ’ விசையைத் தட்டினால் போதும், இப்போது எந்த முறை வேலை செய்கிறது என்பதைத் திரையிலேயே காட்டும்.

இரண்டாவது, நடை. சாமி ஊர்வலம் வழுக்கிச் செல்லாமல் தட்டித் தட்டிப் போகும். பெட்டி நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கிறது; 50 பாதிகள் 60-க்குள் சமமாக அடங்குவதில்லை. திரையின் புதுப்பிப்பு வேகத்தைப் படத்துக்கு ஏற்ப மாற்றும் அமைப்பு கோடியில் உண்டு, ஆனால் அணைத்தே வைத்திருப்பார்கள். அதை இயக்கினால் தொலைக்காட்சி ஒரு கணம் இருண்டு 50-க்கு மாறும். ஊர்வலம் சீராக நடக்கும். நொடிக்கு 24 படமாக எடுத்த தமிழ்த் திரைப்படங்களுக்கும் இதே மருந்துதான்.

அமைப்புப் பக்கத்தின் இடது கீழ் மூலையில் அடிப்படை முதல் வல்லுநர் வரை படித்தரம் இருக்கிறது. அதை உயர்த்தாதவர் கண்ணுக்குச் சில அமைப்புகள் தெரியவே தெரியா. உயர்த்திய பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே டேப்பின் அதே இடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும். யாரோ எழுதிக் கொடுத்த எக்ஸ்எம்எல் கோப்பு ஏற்கெனவே பெட்டியில் கிடந்தால், முதலில் அதன் பெயரை மாற்றிவிட்டுக் கோடியை மறுபடி திறந்தால் போதும். அந்தக் கோப்பு செய்த மாற்றங்கள் நீங்கிவிடும். படம் அப்போதே சரியாக ஓடிவிட்டால் மேற்கொண்டு எதையும் தொடாமல் அடுத்த டேப்பை எடுக்கலாம்.