ஏரிக்கரைக்கு வந்த பாப்பா

(கற்போர் வட்டக் கூட்டத்தில் ஒரு தன்னார்வலர் பேசியது)



இன்று பாடம் இல்லை. புத்தகத்தை மூடி வையுங்கள். போன வாரம் ஒரு அக்கா என்னிடம் கேட்டார். “பள்ளிக்கூடம் லீவு விடப் போறாங்க. பிள்ளைகளை வீட்டுக்குள்ள எப்படிப் பிடிச்சு வைக்கிறது?” என்றார். எனக்குப் போன வருஷம் மே மாதம் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்கிறேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அதனால் என் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். அம்மா பின் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். பாருங்கள், முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறார்!

எங்கள் அக்கா புதுச்சேரியில் முதலியார்பேட்டையில் குடியிருக்கிறாள். ஒரே அறை கொண்ட வீடு. அவளும் மாமாவும் வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு ஒரே பெண் குழந்தை. போன வருஷம் அவளுக்கு ஐந்து வயது. நாங்கள் பாப்பா என்று கூப்பிடுவோம். லீவு விட்டதும் பாப்பாவை பஸ்ஸில் கூட்டி வந்து எங்களிடம் விட்டுப் போனாள் அக்கா. அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் தாண்டி பாகூர் வரும் வரை பாப்பா ஜன்னலை விடவில்லையாம்.

முதல் நாளே பாப்பா கேட்டாள். “ஆயா, இங்க மாடிப்படி எங்க இருக்கு?” அவளுக்கு விளையாட்டு என்றால் மாடிப்படிதான். வேறு இடம் அவளுக்குக் கிடைத்ததில்லை.

அன்று சாயங்காலம் அப்பா அவளைப் பனந்தோப்புக்குக் கூட்டிப் போனார். மரம் ஏறும் அண்ணன் ஒருவர் நுங்குக் குலையை வெட்டி, கயிற்றில் கட்டி இறக்கினார். காயைச் சீவினார். உள்ளே மூன்று கண். பாப்பா விரலை விட்டுக் குத்தினாள். தண்ணீர் முகத்தில் பீறிட்டது.

“தாத்தா, இதுக்குள்ள யார் தண்ணி ஊத்தினாங்க?”

அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. சிரித்துவிட்டார். பிறகு அவள் பக்கத்து மரத்தைக் காட்டினாள். “அதுல ஏன் காய் இல்ல?” என்றாள். இதற்கு அப்பாவுக்குப் பதில் தெரியும். “அது ஆண் பனை. பூ மட்டும்தான் விடும். காய்க்காது. பனை விதை போட்டால் பத்துப் பதினைந்து வருஷம் காத்திருக்கணும். பூ விடுற வரைக்கும் அது ஆணா பெண்ணான்னு யாராலும் சொல்ல முடியாது” என்றார். எனக்கே இது தெரியாது. பன்னிரண்டு வருஷம் படித்தேன். யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

தின்று முடித்த காய்கள் இரண்டை எடுத்தார் அப்பா. நடுவில் ஒரு குச்சியைச் செருகினார். ஒரு நீளமான கவட்டைக் குச்சியை வைத்துத் தள்ளினார். நுங்கு வண்டி தயார். விலை கொடுத்து வாங்கிய பொம்மைக் கார் பையிலேயே கிடந்தது. மறுநாள் பனை ஓலையில் காற்றாடி. அதற்கு அச்சாணி கருவேல முள். இப்படியே போயிற்று.

காலையில் 6 மணிக்கு ஏரிக்கரைக்குப் போவோம். வெயில் ஏறும் முன்பு திரும்பிவிடுவோம். முதல் இரண்டு நாள் அந்தக் கணக்கு எங்களுக்குத் தெரியவில்லை. மதியம் வரை வெளியில் ஆடவிட்டோம். பாப்பாவுக்கு முகம் சிவந்து, தலைவலி, இரண்டு முறை வாந்தி. நிழலில் படுக்க வைத்தோம். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்தோம். காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டரில் 6 சிறிய ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு கலந்தோம். ஸ்பூனைத் தலைதட்டி அளக்க வேண்டும். உப்பு கூடினால் கெடுதல். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தோம். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்தாள். அதன் பிறகு 11 மணி முதல் 4 மணி வரை வீட்டுக்குள்தான். மோர், கூழ், தூக்கம்.

பாகூர் ஏரி உங்களுக்குத் தெரியும். புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி நம்முடையதுதான். தென்பெண்ணையாற்றுத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாக இங்கே வருகிறது. மே மாதத்தில் தண்ணீர் சுருங்கி, ஓரமெல்லாம் சேறும் வெடிப்புமாக இருக்கும். அந்தச் சேற்றில்தான் பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம். கொக்கின் கால்தடம், நண்டு வளை, நாயின் கால்தடம் எல்லாம் ஆயா காட்டினார். காலி நத்தை ஓடுகள் குவியலாகக் கிடந்தன. “யார் தின்னாங்க?” என்று பாப்பா கேட்டாள். ஆயா தூரத்தில் நின்ற பறவையைக் காட்டினார். நத்தைகுத்தி நாரை. அதன் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். நத்தையின் சதையை ஓட்டிலிருந்து லாவகமாக இழுத்துத் தின்னும். பாப்பா அன்று முழுவதும் வாயைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே நடந்தாள்.

மதகுக்குக் கூட்டிப் போய், “மழைக் காலத்துல சேர்த்து வைக்கிற தண்ணி இந்த வழியாத்தான் வயலுக்குப் போகும்” என்றார் ஆயா. எந்த மதகு எந்த வயலுக்கு, எந்த மாதம் எந்தப் பட்டம், எல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம். எழுத்துதான் தெரியாது. இல்லை, தவறாகச் சொல்கிறேன். 1990-களின் தொடக்கத்தில் நம் புதுச்சேரியில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது அம்மா சின்னப் பெண். களை எடுத்துவிட்டு வந்து, ராத்திரியில் அரிக்கேன் விளக்கடியில் எழுத்துக் கற்றார். பிறகு கல்யாணம், பிள்ளைகள், வேலை. படிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. எழுத்து கையை விட்டுப் போய்விட்டது. கையெழுத்து மட்டும் நின்றது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

அன்று ஏரிக்குப் போகாமல் வேறு வழியாகப் போனோம். ஒரு புறம்போக்கில் யாரோ மண் எடுத்த பள்ளம் இருந்தது. அதில் பச்சையாகத் தண்ணீர். பார்த்தால் முழங்கால் ஆழம் போலத்தான் இருக்கும். பக்கத்தில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். அம்மா கேட்டார், “அந்தப் பலகையில என்னடி எழுதியிருக்கு?”

நான் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “ஏதோ எழுதியிருக்கும்மா. நீ வா” என்றேன்.

பாப்பா நுங்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். ஒரு சக்கரம் கழன்று சரிவில் உருண்டது. அவள் பின்னாலேயே ஓடினாள். வழுக்கியது. அவ்வளவுதான். சத்தமே கேட்கவில்லை. தண்ணீரில் விழுந்த குழந்தை கத்தும் என்று நினைக்கிறோம். கத்தாது. வாயில் தண்ணீர் போகும்போது எப்படிக் கத்தும்? திரும்பிப் பார்த்தபோது ஒரு தலையும் இரண்டு கைகளும் மட்டும் தெரிந்தன.

நான் குதிக்க ஓடினேன். அம்மா என் பின்னலைப் பிடித்து இழுத்தார். “உனக்கு நீந்தத் தெரியுமாடி? இரண்டு பேரையும் நான் எப்படித் தூக்குறது?” என்று கத்தினார். அதற்குள் புடவையை அவிழ்த்து ஒரு முனையை என் கையில் திணித்துவிட்டார். கரையில் குப்புறப் படுத்து மறு முனையை வீசினார். முதல் தடவை எட்டவில்லை. இரண்டாவது தடவை பாப்பாவின் கை மேல் விழுந்தது. “பிடி பாப்பா, ஆயாவைப் பிடி!” என்றார். பிடித்துக்கொண்டாள். இழுத்தோம்.

பாப்பா இருமினாள், பிறகு அழுதாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

உடனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தை நன்றாகத் தெரிந்தாலும் காட்டத்தான் வேண்டும். நெஞ்சில் தண்ணீர் போயிருந்தால் பிறகு மூச்சுத் திணறும். அங்கே ஒரு நர்ஸ் அக்கா சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். தலைகீழாகத் தூக்கிச் சுற்றக் கூடாது. வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கக் கூடாது. மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். நெஞ்சின் நடுவில் விட்டு விட்டு அழுத்த வேண்டும். அதே நேரத்தில் இன்னொருவர் 108-க்குப் போன் செய்ய வேண்டும். இதைச் செய்து காட்டச் சொல்லி அந்த அக்காவை நம் வட்டத்துக்கு அழைத்திருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

திரும்பி வரும்போது அந்தப் பலகையைப் படித்தேன். “ஆழமான பள்ளம். அருகில் வராதீர்கள்.” நான்கே சொற்கள். அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “எனக்குப் படிக்கத் தெரிஞ்சிருந்தா உன்னைக் கேட்டிருக்க மாட்டேன்” என்று மட்டும் சொன்னார். படித்தவள் நான். எழுத்து தெரிந்தும் பார்க்கவில்லை. தெரியாதவர் பார்த்தார், கேட்டார். இன்றைக்கும் ராத்திரியில் இது என்னைத் தூங்கவிடுவதில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் அக்கா வந்துவிட்டாள். வாசலிலேயே நின்று சத்தம் போட்டாள். “இனிமே என் பிள்ளையை இங்க அனுப்ப மாட்டேன். அந்த ஒரு ரூமிலேயே கிடக்கட்டும்” என்றாள். நான் தலை நிமிரவில்லை. பாப்பா ஆயாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவில்லை.

அப்பா மெதுவாகச் சொன்னார். “நீயும் இந்த ஏரியிலதானே வளர்ந்த. தண்ணியை ஒளிச்சு வைக்க முடியாதும்மா. பிள்ளைக்குத் தண்ணியைச் சொல்லிக் கொடுக்கணும்.”

அக்கா அதற்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் அன்று ஊருக்குத் திரும்பவில்லை. இரண்டு நாள் லீவு போட்டாள். பம்புசெட்டுத் தொட்டியில் இடுப்பளவு தண்ணீர். அப்பா பாப்பாவின் வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்து மிதக்கவிட்டார். முதலில் பயந்து நடுங்கினாள். தாத்தாவின் கழுத்தை விடவே இல்லை. இரண்டாம் நாள் காலை உதைத்தாள். அக்கா தொட்டி விளிம்பில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் இறங்கிவிட்டாள்! லீவு முடிகிற வரை பாப்பா எங்களோடுதான் இருந்தாள்.

ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. நம் பாகூரில் கிடைத்த செப்பேடு ஒன்று உண்டு. 9-ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் என்ற பல்லவ அரசன் காலத்தில் எழுதியது. பாகூரில் இருந்த ஒரு கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம் ஊரில் கல்விச்சாலை! பெருமைதான். ஆனால் களை எடுக்கும் பெண்ணை அதில் சேர்த்திருப்பார்களா? மாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜூன் மாதம் நம் வட்டம் தொடங்கியது. முதல் நாளே அம்மா வந்து உட்கார்ந்தார். நான் கூப்பிடவில்லை. இப்போது பஸ் பலகை படிக்கிறார். மாத்திரை அட்டையில் தேதி பார்க்கிறார். நான் செல்போனை எடுத்தால், “அங்க என்ன எழுதியிருக்குன்னு பாருடி” என்று சுவரைக் காட்டுகிறார்.

இந்த மே மாதமும் பாப்பா வருகிறாள். ஒன்றாம் வகுப்பு முடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரைக்கு எல்லோருமாகப் போகலாமா? பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். சரியாக 6 மணிக்கு வேப்பமரத்தடியில் கூடுவோம். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், தலைக்குத் துண்டு. நீந்தத் தெரிந்த அண்ணன்மார்கள் இரண்டு பேராவது கட்டாயம் வர வேண்டும். நீளமான கயிறு யார் வீட்டில் இருக்கிறது? கையைத் தூக்குங்கள்.