இத்தாலியக் கிராம வீடுகள் கூறும் பாடம்

(ஊராட்சி உறுப்பினர்கள் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வரவு செலவு, குடிநீர், சாலை முதலியவற்றைப் பற்றிப் பல பாடங்களை இம்முகாமில் கேட்டிருக்கிறீர்கள். இப்பொழுது நாம் சற்றுத் தொலைவில் உள்ள இத்தாலி நாட்டின் பக்கம் நம் கருத்தைத் திருப்புவோம். அந்நாட்டின் நாட்டுப்புறத்தில் ஆளின்றிக் கிடந்த வீடுகள் எவ்வாறு விலை போயின, எவ்வாறு செப்பனிடப்பட்டன, அதனால் அவ்வூர்களுக்கு விளைந்தது யாது என்பதே இன்று நாம் எடுத்துக் கொண்ட பொருள்.

"அயல்நாட்டில் எவரோ வீடு வாங்கும் கதை நமக்கு எதற்கு?" என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அவ்வீட்டில் வாழ்ந்தவன் ஓர் உழவன். அவன் போன பின்பு அதற்கு ஒரு வழி காணும் பொறுப்பு, அங்குள்ள சிற்றூர் மன்றத்தின் தலையில் வந்து விழுந்தது. ஆகவே அது நம்மவர் கேட்கத் தக்க கதைதான்.

வாரக்குடியின் வீடு

இத்தாலியின் நடுப்பகுதியில் டஸ்கனி, உம்பிரியா, மார்க்கே என்னும் மாநிலங்கள் இருக்கின்றன. குன்றும் சரிவுமான பூமி. கோதுமையும் திராட்சையும் ஆலிவும் ஒரே பண்ணையில் விளைந்தன. அங்கே பல நூற்றாண்டுகளாக நிலவிய முறை வாரச் சாகுபடியாகும். நிலமும் வீடும் நிலக்கிழாருடையவை, உழைப்பு குடியானவனுடையது, விளைவில் ஆளுக்குப் பாதி.

வீடு நிலத்தின் நடுவிலேயே அமைந்திருக்கும். கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய தடித்த சுவர். கீழ்த்தளத்தில் உழவு மாடுகளின் தொழுவம், மேல்தளத்தில் குடும்பம். மேலே செல்வதற்கு வெளிப்புறத்தில் ஒரு கற்படிக்கட்டு. குளிர்காலத்தில் மாடுகளின் உடற்சூடு மேலேறி வீட்டாருக்குக் கதகதப்பைத் தரும். பக்கத்தில் ரொட்டி சுடும் அடுப்பும், சில வீடுகளில் உச்சியில் ஒரு புறாக் கோபுரமும் உண்டு. 1765 முதல் 1790 வரை டஸ்கனியை ஆண்ட பியெத்ரோ லியோபோல்டோ கோமகனின் காலத்தில் இத்தகைய பண்ணை வீடுகள் திட்டமிட்டு நன்முறையில் கட்டப்பட்டன.

வீடு அழகியதுதான். ஆனால் அதில் பிறந்து, உழைத்து, மடிந்த குடியானவனுக்கு அதன் ஒரு கல்லும் சொந்தமில்லை. வார ஒப்பந்தம் முறிந்தால் அன்றே வீடும் போயிற்று. குடும்பத்தில் ஒரு திருமணம் நடத்துவதற்கே நிலக்கிழாரின் இசைவைப் பெறவேண்டும் என்றிருந்த ஒப்பந்தங்களும் உண்டு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1947-இல் அவர்கள் பங்கு நூற்றுக்கு 53 ஆயிற்று. 1964-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 58 ஆக உயர்த்தியதோடு, புதிய வார ஒப்பந்தங்களையும் தடை செய்தது. எஞ்சியிருந்தவற்றைக் குத்தகையாக மாற்ற 1982-இல் மற்றொரு சட்டம் பிறந்தது. ஆனால் சட்டம் வந்து சேர்வதற்குள் மக்கள் புறப்பட்டுவிட்டார்கள். 1956 பிப்ரவரியில் வீழ்ந்த கடும் உறைபனியில் ஆலிவ் மரங்கள் கூட்டங் கூட்டமாகப் பட்டுப்போயின. டூரின், மிலான் நகரத் தொழிற்சாலைகள் ஆட்களை அழைத்தன. அங்கே மாதச் சம்பளம் உண்டு; குழாயில் தண்ணீர் உண்டு; மின்விளக்கு உண்டு. தன் பெயரில் இல்லாத வீட்டுக்காக எவன்தான் தயங்குவான்? கதவைச் சாத்திவிட்டுச் சென்றான். வீடுகள் ஆயிரக்கணக்கில் பாழாயின.

வாங்கியவர்களும் வாங்கும் முறையும்

1960-ஆம் ஆண்டுகள் தொடங்கி, ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் சுவிட்சர்லாந்துக்காரரும் அமெரிக்கரும் இவ்வீடுகளைத் தேடி வரலாயினர். ஃபிளாரன்ஸ் நகருக்கும் சியெனா நகருக்கும் இடையிலுள்ள கியாந்தி வட்டாரத்தில் ஆங்கிலேயர் மிகுந்து குடியேறவே, அதனை ஓர் ஆங்கில மாவட்டம் போலக் 'கியாந்திஷயர்' என்று பரிகாசமாக அழைக்கும் வழக்கமும் உண்டாயிற்று. பாழ் வீடு பொன் விலை பெற்றது.

வாங்குவது எளிதன்று. முதலாவது இடையூறு வாரிசுகள். சொத்து பிள்ளைகளுக்குள் பங்காகித் தலைமுறைதோறும் துண்டுபடுகிறது. ஒரு சிறு வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள். ஒருவர் அர்ஜென்டினாவில், ஒருவர் ஆஸ்திரேலியாவில். ஒருவர் கையொப்பம் குறைந்தாலும் முழு வீட்டின் கிரயம் நிறைவேறாது. பலர் கூடி ஆண்டதை ஒருவரும் பழுது பார்ப்பதில்லை என்பதும் உண்மையே.

இரண்டாவது, உழவனின் முன்னுரிமை. இதனை உழவர் பெருமக்கள் கூர்ந்து கவனிக்கவேண்டும். பண்ணை நிலம் விலைக்கு வந்தால், அதனை வாங்கும் முதல் உரிமையை அதில் பயிரிடும் குத்தகைதாரருக்கு 1965-ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது. அத்தகைய குத்தகைதாரர் இல்லாவிடில், அடுத்த வயலைத் தன் கையால் உழும் நிலச் சொந்தக்காரருக்கு அவ்வுரிமை உண்டென்று 1971-இல் மற்றொரு சட்டம் கூறியது. விற்பவர் விலையையும் நிபந்தனையையும் எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். உழவர் 30 நாட்களுக்குள் விடை தரவேண்டும். தெரிவிக்காமல் விற்றுவிட்டால், கிரயம் பதிவான ஓராண்டுக்குள் அதே விலையைக் கொடுத்து, வாங்கியவரிடமிருந்து நிலத்தை மீட்டுக் கொள்ளலாம். பணம் படைத்த வெளியூரார் முன்னே, கலப்பை பிடித்தவன் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை என்பதே இதன் கருத்து. ஆனால் உரிமை இருந்தும் பணம் இல்லாதவனுக்கு அது ஏட்டளவில்தான் நின்றது என்பதையும் மறைப்பதற்கில்லை.

மூன்றாவது, வரைபடம். தொழுவம் சமையலறையாகியிருக்கும், கொட்டகை ஒன்று கூடுதலாக முளைத்திருக்கும், சர்க்கார் பதிவேட்டிலோ பழைய படமே இருக்கும். பதிவேடும் வீடும் ஒத்திருக்கின்றன என்ற உறுதிமொழி இல்லாத கிரயப் பத்திரம் செல்லாது என்று 2010-இல் விதி வந்தது. ஆதலால் உள்ளூர் அளவையாளரைக் கொண்டு சுவர், எல்லை, கிணறு, வண்டிப்பாதை அனைத்தையும் அளந்து பார்த்த பின்பே அறிவுடையோர் அச்சாரம் கொடுக்கிறார்கள்.

அச்சாரத்திற்கும் சட்டம் உண்டு. வாங்குபவர் பின்வாங்கினால் அச்சாரத்தை இழப்பார். விற்பவர் பின்வாங்கினால் இருமடங்காகத் திருப்பித் தரவேண்டும். கிரயம் நோட்டரி என்னும் சட்ட அதிகாரியின் முன்னிலையில் வாசிக்கப்பட்டுக் கையொப்பமாகிறது.

கல்லும் சுண்ணாம்பும்

வீடு கைக்கு வந்த பின்னர் முதல் வேலை கூரை. கூரை ஒழுகினால் உத்தரம் உளுக்கும். உத்தரம் விழுந்தால் சுவர் பிளக்கும். பழைய ஓடுகளை உடையாமல் இறக்கி அடுக்கி வைத்து, கெட்டுப்போன செஸ்ட்நட் மரத்து உத்தரங்களை மாற்றி, அவ்வோடுகளையே மீண்டும் வேய்கிறார்கள். பின்பு, விலகத் தொடங்கிய சுவர்களை எதிரெதிராக இரும்புக் கம்பிகளால் இழுத்துக் கட்டுகிறார்கள். சுவருக்கு வெளியே அக்கம்பியின் முனையில் ஓர் இரும்புத் தகடு தெரியும். அடுத்தது தரை. மாடு கட்டிய இடம் வெறும் மண்தரையாதலால் ஓதம் ஏறும்; அதனைத் தோண்டி, அடியில் காற்றோடும் வெற்றிடம் விட்டுப் புதுத் தளம் போடுகிறார்கள்.

சுவரைப் பூசும் சாந்து முக்கியமானது. பழைய கற்சுவர் சுண்ணாம்புச் சாந்தின் வழியே ஈரத்தை வெளிவிடும். அதன்மேல் சிமிட்டியை அப்பினால் ஈரம் உள்ளேயே தங்கிக் கல்லையும் சாந்தையும் அரிக்கும். கடினமானது எல்லாம் நல்லதாகிவிடாது.

இதற்குப் பெரியதொரு சான்று உண்டு. உம்பிரியாவின் மலைப்பகுதியில் 1979-இல் பூகம்பம் ஏற்பட்டது. அதன்பின் 'உறுதிப்படுத்துகிறோம்' என்று பல வீடுகளில் மரக்கூரையை நீக்கி, இரும்புக் கம்பி வைத்த கனத்த கான்கிரீட் கூரையைப் போட்டார்கள். 1997 செப்டம்பரில் பூமி மீண்டும் அதிர்ந்தது. செல்லானோ போன்ற ஊர்களில், வலுவற்ற கற்சுவரின்மேல் வைத்த அந்தக் கனமான கூரையே சுவர்கள் சரியக் காரணமாயிற்று. சுவரைச் செப்பனிடாமல் தலையில் பாரத்தை ஏற்றினால் நிற்குமா? பழைய கட்டடத்தின் இயல்பை அறிந்தே புதிய பொருளைச் சேர்க்கவேண்டும் என்னும் பாடத்தைப் பொறியாளர்கள் அன்று கற்றார்கள்.

இன்னொன்று: எழில் காக்கும் சட்டங்கள் அங்கு 1939 முதலே உள்ளன. பாதுகாக்கப்பட்ட பகுதியில் சன்னலைப் பெரிதாக்கவோ, சுவரின் நிறத்தை மாற்றவோ அனுமதி வேண்டும். இதனால் தாமதமும் செலவும் உண்டு. ஊரின் முகம் கெடாமல் நிற்பதும் இதனாலேதான்.

ஒரு யூரோ வீடு

டஸ்கனிக்குப் பணக்காரர் வந்தனர். தெற்கிலும் தீவுகளிலும் உள்ள மலையூர்களுக்கு யாரும் வரவில்லை. அங்கே ஊர் மன்றங்கள் ஒரு புது வழியைக் கண்டன. பாழ் வீட்டை ஒரே ஒரு யூரோவுக்கு விற்போம் என்னும் யோசனையைச் சிசிலியிலுள்ள சலேமி என்னும் ஊர் 2008-இல் வெளியிட்டது. சார்டினியாத் தீவின் ஒல்லொலாய் கிராமத்தில் அரை நூற்றாண்டில் மக்கள் தொகை 2,250-லிருந்து 1,300 ஆகக் குறைந்தது. 2018-இல் அவ்வூர் 200 வீடுகளை இவ்வாறு தருவதாக அறிவித்து உலகெங்கும் பெயர் பெற்றது.

நிபந்தனைகளைப் பாருங்கள். சிசிலியின் சம்பூகா என்னும் ஊர், 1968-ஆம் ஆண்டுப் பூகம்பத்துக்குப் பின் மக்கள் கைவிட்ட 16 வீடுகளை 2019-இல் ஏலத்தில் விட்டது. தொடக்க விலை ஒரு யூரோ. ஆனால் எடுப்பவர் 5,000 யூரோ காப்புத் தொகை கட்டவேண்டும். மூன்றாண்டுகளுக்குள் குறைந்தது 15,000 யூரோ செலவிட்டு வீட்டைச் செப்பனிடவேண்டும். தவறினால் காப்புத் தொகை போயிற்று. ஏலத்தில் விலையும் ஆயிரக்கணக்கில் ஏறியது. ஒரு யூரோ என்பது அழைப்பு மணி. உண்மையான விலை உழைப்பும் பணமும் காலமும். மன்றத்தின் திறமை விலையை நிர்ணயித்ததில் இல்லை. நிபந்தனையை எழுதி அதனைக் கண்காணிப்பதில் இருக்கிறது.

விளக்கு எரிகிறதா?

இப்பொழுது நாம் நெஞ்சைத் தொட்டுக் கேட்கவேண்டிய கேள்விக்கு வருகிறோம். வீடுகள் பிழைத்தன. ஊர் பிழைத்ததா?

கோடையில் சில வாரங்கள் வந்து தங்கி, எஞ்சிய மாதங்களில் பூட்டிக் கிடக்கும் வீட்டினால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு குழந்தை கூடுவதில்லை. விலை ஏறிப்போனதால் உள்ளூர் இளைஞன் தன் ஊரிலேயே வீடு வாங்க இயலாத நிலை சில இடங்களில் நேர்ந்தது. வீட்டை ஒருவர் வாங்க, அதைச் சார்ந்த நிலம் கவனிப்பாரற்றுப் புதர் மண்டியது. சரிவுகளில் முன்னோர் சாந்தின்றி அடுக்கிய படிவயல் கற்சுவர்கள் ஆளின்றிச் சரிந்தால், மழைநீர் மண்ணோடு ஊருக்குள் இறங்கும். லிகூரியக் கடற்கரையில் வெர்னாட்சா, மொந்தெரோஸோ ஆகிய ஊர்களில் 2011 அக்டோபரில் வெள்ளமும் சேறும் புகுந்தபோது, பராமரிப்பற்ற அந்தப் படிவயல்கள் பலரது நினைவுக்கும் வந்தன.

இதற்கு மாற்றாக இரு நல்ல வழிகளை இத்தாலி காட்டியிருக்கிறது. ஒன்று, 1985-ஆம் ஆண்டின் பண்ணை விருந்தகச் சட்டம். உழவன் தன் பண்ணையில் ஏற்கெனவே உள்ள கட்டடத்தைச் செப்பனிட்டு விருந்தினரைத் தங்க வைத்துத் தன் விளைபொருளை உணவாக அளிக்கலாம். ஆனால் உழவே முதன்மைத் தொழிலாக நீடிக்கவேண்டும். வருமானம் வீட்டுக்கும் வருகிறது, வயலும் உழப்படுகிறது. மற்றொன்று, 1976-ஆம் ஆண்டுப் பூகம்பத்துக்குப் பின் ஃபிரியூலி மலைப்பகுதியில் பிறந்த 'பரவிய விடுதி' என்னும் யோசனை. புதிதாக ஒரு பெரிய விடுதி கட்டுவதில்லை. ஊரில் ஆளில்லாத வீடுகளின் அறைகளையே திருத்தி, ஓரிடத்திலிருந்து நிர்வகிப்பது. விருந்தினர் அண்டை வீட்டாராகிறார். ஊர்க் கடையும் நடக்கிறது.

நண்பர்களே! ஆளில்லாத ஒரு கட்டடத்தைப் பற்றி எந்த மன்றத்தின் முன் விண்ணப்பம் வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்க அந்நாட்டு அனுபவம் நமக்குக் கற்பிக்கிறது. இதற்கு உரிமையாளர் யார் யார், அனைவரும் இசைந்தனரா? எந்த நாளுக்குள் வேலை முடியும், முடியாவிட்டால் என்ன? மூன்றாவதே தலையாயது: வேலை முடிந்த பின் இதில் யார் வாழ்வார்கள்?

அந்த வாரக்குடி தன் வீட்டை விட்டுச் சென்றதற்குக் காரணம், கல் உதிர்ந்தது அன்று. அது தனக்கு உரியது என்னும் உறுதி இல்லாமற் போனதே. உரிமையும் பிழைப்பும் உள்ள இடத்தில் மனிதன் தங்குவான். மனிதன் தங்கிய இடத்தில் வீடு தானே நிற்கும். அந்தி வேளையில் சன்னலில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். வீடு பிழைத்ததா இல்லையா என்பதற்கு அதுவே அளவுகோல்.