பெயரும் கூடமும்: பௌஹவுஸ் கலைக்கூடம் தரும் படிப்பினை

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஓர் அமைப்பு பத்தாண்டுகளை நிறைவு செய்யும்போது அதன் பெயர் ஊரறிந்த பெயராகிவிடுகிறது. அழைப்பிதழில் அப்பெயர் அச்சாகிறது. மேடையின் பின்திரையில் அப்பெயர் விளங்குகிறது. ஆனால் அஞ்சலட்டை எழுதியவர், நாற்காலி அடுக்கியவர், கட்டுரைகளைப் படியெடுத்தவர் ஆகியோரின் பெயர்கள் அப்பொதுப்பெயருக்குள் கரைந்துபோகின்றன. ஒரு பொதுப்பெயர் எவ்வாறு உருவாகிறது? அப்பெயருக்கேற்ற இடம் எவ்வாறு அமைகிறது? அப்பெயரின் கீழ் உழைத்தவர்க்கு என்ன நேர்கிறது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண, ஜெர்மனியில் 1919 முதல் 1933 வரை பதினான்கே ஆண்டுகள் இயங்கிய பௌஹவுஸ் என்னும் கலைக்கூடத்தின் வரலாறு பெரிதும் துணைபுரிகிறது.

இன்று பெருநகரங்களில் ஓவியர், வடிவமைப்பாளர், எழுத்தாளர் எனப் பலதுறைப் படைப்பாளிகள் ஒரு கூரையின்கீழ் அமர்ந்து தத்தம் பணியைச் செய்யும் கூட்டுப் பணியிடங்கள் தோன்றிவருகின்றன. அவற்றைத் தொடங்குவோர் பெயர், சின்னம், எழுத்துரு, சுவரின் வண்ணம், இருக்கை, விளக்கு என ஒவ்வொன்றையும் முன்னரே திட்டமிடுகின்றனர். இவையனைத்தையும் ஒரே சிந்தனையின் கூறுகளாக ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னரே எண்ணிப் பார்த்துச் செயற்படுத்திய இடம் பௌஹவுஸ் ஆகும்.

பெயர்

முதல் உலகப்போர் முடிந்து ஐந்து மாதங்களே கடந்திருந்த 1919 ஏப்ரலில், வைமார் நகரில் இருந்த நுண்கலைப் பள்ளியையும் கைவினைப் பள்ளியையும் ஒன்றாக்கி, வால்ட்டர் குரோப்பியஸ் என்னும் கட்டடக் கலைஞர் இக்கூடத்தை நிறுவினார். ஜெர்மன் மொழியில் 'ஹவுஸ்பௌ' என்றால் வீடு கட்டுதல் என்பது பொருள். அத்தொகைச்சொல்லின் உறுப்புகளை முன்பின்னாக மாற்றிப் 'பௌஹவுஸ்' என்னும் பெயர் ஆக்கப்பட்டது. 'இல்முன்' என்பது 'முன்றில்' என நிற்பதை இலக்கணப்போலி என்று பயின்ற நமக்கு இம்மாற்றம் விளங்குவதில் இடர்ப்பாடு இல்லை. மேலும், இடைக்காலத்தில் பேராலயங்களைக் கட்டிய கற்றச்சர்களின் கூட்டத்தை ஜெர்மானியர் 'பௌஹ்யூட்டே' என்றழைத்தனர். அச்சொல்லின் எதிரொலியும் இப்பெயரில் உண்டு. சிற்பி, தச்சர், ஓவியர், கொல்லர் அனைவரும் ஒன்றுகூடிக் கட்டும் ஒரே கட்டடம் என்னும் கனவு இவ்விரு அசைகளுக்குள் அடங்கிவிட்டது.

கூடத்தின் முதல் அறிக்கையின் அட்டையில் லியோனல் ஃபைனிங்கர் என்னும் ஓவியர் மரச்செதுக்கு முறையில் ஒரு பேராலயத்தைத் தீட்டியிருந்தார். பயிற்சி முறையும் அக்கனவுக்கு ஏற்பவே அமைந்தது. ஒவ்வொரு பட்டறைக்கும் வடிவம் கற்பிக்கும் ஓவியர் ஒருவரும், தொழில் கற்பிக்கும் கைவினைஞர் ஒருவரும் ஆசான்களாக இருந்தனர். பால் கிளே, வாசிலி காண்டின்ஸ்கி போன்ற பேரோவியர்கள் இங்கு ஆசிரியப் பணியாற்றினர். இவர்களின் படைப்புகள் 1922 டிசம்பரில் கல்கத்தாவில் இந்தியக் கீழைக்கலைச் சங்கம் நடத்திய கண்காட்சியில் இடம்பெற்றன என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

முத்திரையும் எழுத்தும்

தொடக்கத்தில் மாணவர் ஒருவர் வரைந்த கோட்டுருவ மனிதனே கூடத்தின் முத்திரையாக விளங்கியது. 1922இல் ஆஸ்கர் ஷ்லெம்மர் அதனை மாற்றினார். நேர்கோடுகளாலும் நீள்சதுரங்களாலும் ஆகிய ஒரு மனித முகம், பக்கவாட்டுத் தோற்றத்தில் புதிய முத்திரையாயிற்று. கைவினையின் நெகிழ்விலிருந்து பொறித்தொழிலின் ஒழுங்கை நோக்கிக் கூடம் நகர்வதை அச்சிறு வட்டத்தினுள்ளேயே காணலாம். மறு ஆண்டில் கலையும் தொழில்நுட்பமும் ஒன்றுபடுதல் என்பதையே குரோப்பியஸ் முழக்கமாக முன்வைத்தார்.

வைமாரில் ஆட்சி மாறியது. 1924இல் பொறுப்பேற்ற வலதுசாரியினர் நிதியைப் பாதியாகக் குறைக்கவே, கூடம் 1925இல் தொழில்நகரமான டெஸ்ஸாவுக்குப் பெயர்ந்தது. அங்கு அச்சுப் பட்டறைக்குப் பொறுப்பேற்றவர் ஹெர்பெர்ட் பாயர். ஜெர்மன் மொழியில் பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் பெரிய எழுத்தில் தொடங்கவேண்டும் என்பது நெடுங்கால மரபு. பாயரும் அவர்தம் தோழரும் பெரிய எழுத்துகளை அறவே நீக்கினர். ஒலி ஒன்றாக இருக்க அதற்கு எழுத்து இரண்டு எதற்கு என்பது அவர்கள் எழுப்பிய வினா. சிறிய எழுத்துகளையே எழுதினால் காலம் மிச்சமாகும் என்னும் விளக்கம் கூடத்தின் மடல்தாளின் அடியிலேயே அச்சிடப்பட்டது. பெரியது, சிறியது என்னும் வேறுபாடே இல்லாத நெடுங்கணக்கைக் கொண்ட தமிழர்க்கு இது எளிய செய்தியாகத் தோன்றலாம். ஜெர்மானியருக்கோ அது பள்ளியில் பயின்ற இலக்கணத்தையே மறுப்பதாக இருந்தது. ஒரு மடல்தாளைப் பார்த்த அளவிலேயே, இது எங்கிருந்து வருகிறது, இங்குள்ளோர் எவ்வாறு சிந்திக்கின்றனர் என்பது விளங்கிவிடும். சின்னம் என்பது கொள்கையின் சுருக்கம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

கூடத்தின் அமைப்பு

டெஸ்ஸாவில் குரோப்பியஸ் வடிவமைத்த புதிய கட்டடம் 1926 டிசம்பர் 4ஆம் நாள் திறக்கப்பட்டது. அதற்கு முகப்பு என ஒன்றில்லை. சுற்றிவந்தாலன்றி அதன் முழுவடிவம் கண்ணுக்குப் புலப்படாது. பட்டறைகள் ஒரு பகுதி. தொழிற்பள்ளி ஒரு பகுதி. இவ்விரண்டையும் சாலைக்கு மேலாக இணைக்கும் பாலம் போன்ற பகுதியில் அலுவலகம். மாணவரும் இளம் ஆசான்களும் தங்குவதற்கு 28 அறைகள் கொண்ட உயர்ந்த பகுதி ஒன்று. ஒவ்வொரு பகுதியும் தன் பணிக்கேற்ற உருவைப் பெற்றிருந்தது. பட்டறைப் பகுதியின் வெளிப்புறம் முழுவதும் கண்ணாடித் திரையாக அமைந்தது. உள்ளே உழைப்பவரை வெளியே செல்பவர் காணலாம். தெற்குச் சுவரில் பாயர் அமைத்த எழுத்துகள் மேலிருந்து கீழாகக் கூடத்தின் பெயரைத் தாங்கி நின்றன. வேறு அணியொன்றும் அச்சுவருக்குத் தேவைப்படவில்லை.

உள்ளமைப்பில் கருதத்தக்க செய்தி, அனைத்தும் அக்கூடத்தின் பட்டறைகளிலேயே உருவாயின என்பதாகும். சுவரோவியப் பட்டறையின் ஹின்னர்க் ஷேப்பர் வண்ணத்திட்டத்தை வகுத்தார். எடையைத் தாங்கும் உறுப்பு எது, இடைவெளியை அடைக்கும் சுவர் எது என்பதை வண்ணமே உணர்த்த வேண்டும். புதிதாக வருபவர்க்கு வண்ணமே வழிகாட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. பேரவைக் கூடத்தின் எஃகுக்குழாய் இருக்கைகள் மார்செல் பிராயர் வடிவமைத்தவை. விளக்குகள் உலோகப் பட்டறையிலிருந்து வந்தன. பேரவைக் கூடத்திற்கும் உணவுக்கூடத்திற்கும் நடுவே மேடை அமைந்தது. இடையிலுள்ள தடுப்புகளைத் திறந்துவிட்டால் மூன்றும் ஒரே விழாக்களமாகும். கற்றல், உண்ணல், ஆடல் மூன்றும் ஒரே வாழ்வின் கூறுகள் என்பதைச் சொற்பொழிவு இன்றியே அத்தடுப்புகள் உணர்த்தின.

குறைகளும் இருந்தன. கண்ணாடித் திரை கோடையில் வெப்பத்தையும் குளிர்காலத்தில் கடுங்குளிரையும் உள்ளே கொணர்ந்தது. காண்பவர் கண்ணுக்கு அழகாக இருந்த சுவர், உள்ளே தறியின்முன் அமர்ந்தவர்க்குத் துன்பமாயிற்று. பணியிடம் அமைப்போர் மறத்தற்கரிய பாடம் இது. இடத்தின் அழகை அளக்கும் உரிமை முதலில் அங்குப் பணிசெய்பவர்க்கே உரியது.

பெயருக்குள் மறைந்த பெயர்கள்

இனி மூன்றாம் வினாவுக்கு வருவோம். ஆண், பெண் என்னும் வேறுபாடு இங்கு இராது என்று தொடக்கத்தில் குரோப்பியஸ் உறுதி கூறியிருந்தார். அதனை நம்பிப் பெண்கள் பெருந்தொகையினராக வந்து சேர்ந்தனர். அடுத்த ஆண்டிலேயே அவர்தம் எண்ணிக்கையைக் குறைக்க ஆசான்கள் முடிவெடுத்தனர்; வந்தவருள் பெரும்பாலோர் நெசவுப் பட்டறைக்கு அனுப்பப்பட்டனர். கண்ணாடிக் கலை பயில விழைந்த அன்னி ஆல்பர்ஸ் நெசவாளரானது அவ்வாறே. ஒதுக்கப்பட்ட அந்நெசவுப் பட்டறையே பின்னர்க் கூடத்திற்கு வருவாயும் புகழும் ஈட்டித்தந்த பட்டறைகளுள் ஒன்றாக விளங்கியது. அதன் தலைமையை 1927இல் குண்டா ஷ்டோல்ஸ்ல் ஏற்றார். உலோகப் பட்டறைக்குள் நுழைந்த மரியன்னே பிராண்ட் 1924இல் செய்த தேநீர்க் கலம் இன்று அருங்காட்சியகங்களில் போற்றப்படுகிறது.

இன்னொருவர் லூசியா மொஹோலி. ஆசான் லாஸ்லோ மொஹோலி-நாகியின் துணைவியாராகக் கூடத்திற்கு வந்த இவர் அங்கு ஊதியம் பெறும் பதவி எதையும் வகிக்கவில்லை. டெஸ்ஸா கட்டடத்தையும், பட்டறைகளில் உருவான நாற்காலி, விளக்கு, கலம் முதலியவற்றையும் தெளிவும் அமைதியும் வாய்ந்த நிழற்படங்களாக எடுத்தவர் இவரே. கட்டடத்தை நேரில் காணாதார்க்கு அதனை அறிமுகப்படுத்தியவை இப்படங்கள். பௌஹவுஸ் என்றவுடன் உலகத்தார் மனக்கண்ணில் எழும் உருவத்தை ஆக்கியவர் இவர் எனலாம்.

1933இல் நாசிகளின் பிடியிலிருந்து தப்பி நாட்டைவிட்டு ஓடியபோது, ஏறத்தாழ 560 கண்ணாடி எதிர்படங்களை இவர் விட்டுச்செல்ல நேர்ந்தது. அவை பின்னர்க் குரோப்பியஸின் கைக்கு வந்து, அவருடன் அமெரிக்கா சென்றன. 1938இல் நியூயார்க்கின் நவீனக்கலை அருங்காட்சியகம் நடத்திய பௌஹவுஸ் கண்காட்சியிலும் அதன் நூலிலும் இப்படங்கள் எடுத்தவர் பெயரின்றி இடம்பெற்றன. தம் படங்கள் அழிந்தன என்று எண்ணியிருந்த லூசியா, அவை உள்ளன என்பதைப் பின்னரே அறிந்தார். வழக்கறிஞரின் துணையோடு போராடி 1957இல் அவற்றுள் ஒரு பகுதியை மட்டுமே திரும்பப் பெற்றார்.

குரோப்பியஸ் அவற்றைப் பாதுகாத்தார் என்பதும் உண்மையே. அவை இன்றேல் கூடத்தின் புகழ் இவ்வளவு பரவியிராது என்பதும் உண்மையே. ஆயினும் பொதுப்பெயரைக் காப்பதற்காகத் தனிப்பெயரை மறைக்கலாமா என்னும் வினா எஞ்சிநிற்கிறது. இதே கூடத்தில் பிராயர் தம் எஃகு நாற்காலிகள் தமக்கே உரியவை என்று கூறித் தனி நிறுவனத்தின் வழியாக விற்றார் என்பதையும் உடன்வைத்து எண்ணவேண்டும். உரிமை கோரும் வலிமை வாய்ந்தவரின் பெயர் நின்றது; அது வாய்க்காதவரின் பெயர் கரைந்தது. சங்கப் புலவர் சிலரின் இயற்பெயர் மறைந்தாலும், அவர் பாடிய தொடராலேயே அவர்க்குப் பெயரிட்டுச் 'செம்புலப்பெயல்நீரார்' எனப் போற்றியது நம் மரபு. செய்த பொருளே செய்தவரைச் சுட்டவேண்டும் என்னும் அறம் அப்பெயரீட்டில் உள்ளது.

முடிவும் எச்சமும்

டெஸ்ஸா நகர்மன்றத்தில் வலுப்பெற்ற நாசிகள் 1932இல் கூடத்தை மூடச்செய்தனர். பெர்லினில் பழைய தொலைபேசித் தொழிற்சாலை ஒன்றில் சிலகாலம் இயங்கியபின், 1933 ஜூலையில் ஆசான்களே அதனைக் கலைத்தனர். அங்குப் பயின்றோர் உலகெங்கும் சிதறினர். நெசவுக்கலைஞர் ஓட்டி பெர்கர் 1944இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் உயிர்நீத்தார். கூடம் பிறந்த வைமார் நகருக்கு அருகிலேயே பூக்கென்வால்ட் வதைமுகாம் அமைந்தது. அங்குக் கைதியாக இருந்த முன்னாள் பௌஹவுஸ் மாணவர் ஃபிரான்ஸ் ஏர்லிச்சிடம் வாயிற்கதவுக்கான எழுத்துகளை அமைக்கும்படி காவற்படையினர் ஆணையிட்டனர். 'அவரவர்க்கு உரியது அவரவர்க்கு' என்னும் பொருள்படும் அக்கொடுந்தொடரை, அவர்கள் வெறுத்த அதே கூடத்தின் எழுத்துநெறியைத் தழுவியே ஏர்லிச் அமைத்தார். உள்ளிருந்து நோக்கும் கைதிகள் படிக்கும்படி அவ்வெழுத்துகள் அமைந்துள்ளன. கூடம் மூடப்பட்ட பின்னரும் பயின்றவர் கையில் அதன் எழுத்து உயிரோடிருந்தது.

போரில் சிதைந்த டெஸ்ஸா கட்டடம் 1976இல் புதுப்பிக்கப்பட்டது. 1996இல் யுனெஸ்கோவின் உலக மரபுச்சின்னப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பெயர் வென்றது, கூடம் நிலைத்தது. அப்பெயரை ஆக்கியவர்களின் பெயர்களை ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாக மீட்டு வருகின்றனர். ஐம்பது, அறுபது ஆண்டுகள் கழித்துச் செய்யவேண்டிய அப்பணியை உடனுக்குடன் செய்வது எளிது. அதற்கு வேண்டுவது ஒரு குறிப்பேடும் நேர்மையும் மட்டுமே.

பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்விலக்கிய வட்டம் நாளை தனக்கென ஒரு கூடம் அமைக்கலாம். சின்னமும் வண்ணமும் தேர்ந்தெடுக்கலாம். அப்போது பெயர்ப்பலகையை எழுதுவதற்கு முன், உழைத்தோர் பெயர்களை எழுதும் ஏடு ஒன்றைத் திறந்து வைப்பது தகும். அவ்வேட்டின் முதற்பக்கம் இந்நிறைவு மலரிலேயே இடம்பெறுமாயின், வட்டத்தின் பெயர் இன்னும் பொருள் நிறைந்த பெயராக நிலைபெறும்.