வாடகை மட்டும் போதாது!

‘தொழில்நுட்பப் பூங்காவை வளர்ப்பது பணமே’ன்னு எதிரணி நண்பர் அடிச்சுச் சொன்னாரு. தரமணிக்கு வாங்கய்யா! 2010-இல் இயங்கத் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்கா, அன்றைய இயக்குநர் எம்.எஸ். அனந்த் கண்ட கனவு. ஊருக்குள்ள நிலம் விக்கிற விலைக்கு, கட்டடம் கட்டி வாடகை மட்டும் வாங்கியிருக்கலாம். செய்யலையே! உள்ளே வரும் நிறுவனம் மாணவர், பேராசிரியரோடு சேர்ந்து உழைச்சுப் புள்ளி எடுக்கணும். நம்ம பிள்ளைங்க மட்டுமா? முதலாளியும் மார்க் எடுக்கணும்! (கைதட்டல்)

அங்கே 2022-இல் எஞ்சின் கூடம் திறந்தது அக்னிகுல் நிறுவனம். 2024 மே 30-இல் முப்பரிமாண அச்சில் செய்த எஞ்சினோடு அவங்க ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவில் பறந்தது. பணம் கட்டடத்தை எழுப்பும். ராக்கெட்டை எழுப்புவது படிப்பே!